ரவுண்டானாவில் ஆறு சுற்று

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'மேப்பு'. ரத்தப் பரிசோதனை மையங்களில் எடுக்கும் சாம்பிள்களைப் பெரிய லேபுக்குக் கொண்டுசேர்க்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக வண்டி ஓட்டுகிறார். எந்தச் சந்து எந்தத் தெருவில் போய் முட்டும், எந்தப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் எந்தச் சாலை அடைபடும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்ற டிரைவர்கள் வழி தவறினால் அலுவலகத்துக்குப் போன் செய்வதில்லை, மேப்புக்குத்தான் செய்வார்கள்.

அதனால் மலிவாக ஒரு வழிகாட்டிக் கருவி வாங்கலாமா என்ற பேச்சு வந்தபோது, மேனேஜர் அதைக் கொண்டுவந்து இவர் கையில்தான் வைத்தார். வண்டி ஓட்டும்போது செல்போனைத் தொடக்கூடாது என்பது கம்பெனிச் சட்டம். கருவி என்றால் உள்ளங்கை அகலம்தான். முன்னால் சின்னத் திரை, பின்னால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ரப்பர் கிண்ணம், சார்ஜ் ஏற்ற ஒரு வயர்.

"ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்கண்ணே. நீங்க சரின்னா இருபது வண்டிக்கும் வாங்கிடறேன். வேண்டாம்னா திருப்பி அனுப்பிடறேன். உங்க வாக்குதான் எனக்கு" என்றார் மேனேஜர்.

"மேப்புக்கே மேப்பா!" என்று அவசரம் சிரித்தான். எப்போதும் பறந்துகொண்டே இருக்கிற டிரைவர், அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

மேப்பும் கூடச் சிரித்து வைத்தார். சிரித்துக்கொண்டே கருவியைத் திரை தெரியாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். ஏன் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும்.

நாலைந்து மாதமாகவே அவரிடமிருந்து வழிகள் நழுவிக்கொண்டிருந்தன. ஒரு சாயங்காலம் இரண்டாம் மாடியில் இருக்கிற தன் வீட்டை விட்டுவிட்டு, மூன்றாம் மாடிக்காரர் கதவில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். சாவி திரும்பவில்லையே என்று கோபம் வேறு. மனைவிதான் தைத்துக்கொண்டிருந்த துணியோடு மேலே ஓடிவந்தாள். "டாக்டர் மாடி ஏறி இறங்கச் சொல்லியிருக்காரு, கணக்கு தப்பிருச்சு" என்று மேல்வீட்டுக்காரியிடம் சிரித்துச் சமாளித்துக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகு அவள் சிரிக்கவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்லிட்டு? உன் தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கவா?"

"அப்ப டாக்டர்ட்டயாவது போலாம்."

"அவரு எழுதிக் கொடுத்தா லைசென்ஸ் போயிரும். ரெண்டும் ஒண்ணுதான்."

அதற்குமேல் அவரை அசைக்க முடியாது. பிடிவாதத்தில் அவர் பிரேக் போட்டு நிறுத்திய லாரி மாதிரி, அத்தனை கெட்டி.

முதல் வாரம் கருவியைக் குறை சொல்வதில் மேப்புக்கு ஒரு தனி ருசி இருந்தது. சொல்லக் குறையும் நிறையவே இருந்தது. காலையில் முடுக்கினால் வானத்தில் சாட்டிலைட்டைத் தேடிக் கண்டுபிடிக்க அதற்கு ஆறு நிமிடம் வேண்டும். வெயில் அடித்தால் திரையில் தன் மூஞ்சிதான் தெரியும். வயரைப் பிடுங்கினால் முக்கால் மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும். பள்ளத்தில் வண்டி இறங்கினால் ரப்பர் கிண்ணம் பிடிவிட்டு மடியில் வந்து விழும், விழுந்த இடத்திலிருந்தே "வலப்பக்கம் திரும்பவும்" என்று கருவிக்குள்ளிருந்து பேசும் அந்தம்மா அலட்டாமல் சொல்வாள். பாதி நேரம் அந்தத் திருப்பம் பத்தடி பின்னால் போயிருக்கும். மேனேஜர் கொடுத்த தாளில் 'குறைகள்' என்ற கட்டத்தில் மேப்பு முத்து முத்தாக எழுதினார்: "குரல் தாமதமாக வருகிறது. திருப்பத்தைத் தாண்டிய பிறகு சொல்கிறது."

அது உண்மை. அந்த உண்மைதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை. குழந்தைகள் கிளினிக்கில் ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நடுவில் தண்ணீர்த் தொட்டி நிற்கிற பெரிய ரவுண்டானா, ஐந்து சாலைகள். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்று அவர் பெருமை பேசுகிற இடம். "மூன்றாவது சாலையில் வெளியேறவும்" என்றாள் அந்தம்மா. அன்றைக்கு நேரத்தோடுதான் சொன்னாள்.

"யாருக்கு வழி சொல்ற நீ?" என்று மேப்பு இரண்டாவது சாலையில் திருப்பினார். கொஞ்ச தூரத்தில் ஒரு மரக்கடைச் சுவர் வந்து மறித்தது. அப்படி ஒரு சுவரை அவர் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து நான்காவதில் போனார், அங்கே ஏதோ குடோன்கள். மறுபடி வந்தார். முதலாவது. மறுபடி வந்தார். ஐந்து சாலையும் ஒரே முகமாக இருந்தன. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் கோபப்படாமல் அந்த ஒரே சாலைக்குத்தான் வழி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆறாவது சுற்றில்தான் அவர் பணிந்தார். பத்து நிமிடத்தில் சேர வேண்டியவர் ஐம்பது நிமிடம் கழித்துச் சேர்ந்தார்.

லேப் கவுண்டரில் இருந்த பெண் ஒரு குழாயை எடுத்து நேரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இது அரை மணிக்குள்ள வரவேண்டியது, இனி உதவாதுங்க. மறுபடி எடுக்கணும். பதினோரு மாசக் குழந்தை. நரம்பு கிடைக்காம நாலு இடத்துல குத்தி எடுத்ததாம்."

"டிராஃபிக்" என்றார் மேப்பு. அவள் நம்பினாள். மேப்பு சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவளுக்கு முன்னால் அவர் அழுதது அன்றைக்குத்தான். அவள் திட்டவில்லை. வண்டிக்குப் போய்க் கருவியை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு, 'வீடு' என்றிருந்த பட்டனில் தங்கள் முகவரியை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி ஏற்றினாள்.

"நான் சொன்னாதான் கேக்க மாட்டீங்க. இவ சொல்றதையாவது கேளுங்க."

மறுநாளிலிருந்து மேப்பு அந்தம்மாவின் சொல்லைத் தட்டவே இல்லை. குரல் பிந்துகிறது என்பதால் திரையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார். வெயிலுக்கு ஓர் அட்டையை வெட்டி மேலே ஒட்டினார். கிண்ணம் விழாமலிருக்க மனைவியிடம் தையல் நூல் வாங்கிக் கட்டினார். ஒரு சாம்பிளும் பிந்தவில்லை. கம்பெனி வண்டி இரவில் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். வரவும் போகவும் கருவிதான் கூட்டிக்கொண்டு போனது. பல மாதங்களுக்குப் பிறகு மேப்பு வயிறாரச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை, தாளின் கடைசிக் கட்டத்தில் எழுதினார்: "நல்ல கருவி. எல்லா வண்டிக்கும் அவசியம் வாங்கலாம்." நல்ல கருவி இல்லை என்று அவருக்கே தெரியும். மற்ற பத்தொன்பது பேரும் தன்னைச் சபிப்பார்கள் என்றும் தெரியும். ஆனால் எல்லோர் வண்டியிலும் ஒன்று இருந்தால், மேப்பு வண்டியில் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா?

"கருவி வந்துட்டா அப்புறம் சொல்ல என்ன இருக்கு?" என்றார் மனைவியிடம். அவள் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கருவியையும் தாளையும் ஒப்படைத்தார். கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். கருவி அவர் மேசைமேல் கம்ப்யூட்டரோடு இணைந்து கிடந்தது. சுற்றியிருந்த நூலை வெட்டியிருந்தார்கள். அவசரம் கதவில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"உங்க நல்ல மனசுக்கு ஒரு அளவே இல்லையாண்ணே?" மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். "போன தடமெல்லாம் இதுக்குள்ள கோடா பதிஞ்சிருக்கு. இத பாருங்க, செவ்வாய்க்கிழமை."

திரையில் ரவுண்டானா இருந்தது. அதைச் சுற்றி, பூனை புரட்டிப்போட்ட நூல்கண்டு மாதிரி ஒரு நீலக் கோடு.

"ஆறு சுத்து! குரல் லேட்டா வருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அதான் உங்களை இப்படிச் சுத்த விட்டிருக்கு. அன்னிக்குத்தானே அந்தக் குழந்தை சாம்பிள் வீணாச்சு? டப்பா பண்ண தப்ப டிராஃபிக்னு சொல்லி நீங்க மறைச்சிருக்கீங்க. அதுக்கு மேல நல்ல கருவின்னு சர்டிபிகேட் வேற!"

சும்மா இருந்தால் தப்பித்துவிடலாம். ஆனால் நாலு இடத்தில் குத்துப்பட்ட அந்தச் சின்னக் கை அவரை விடவில்லை.

"அது சரியாத்தான் சொல்லுச்சு தம்பி" என்றார். "வழி தப்புனது நான்."

மேனேஜரும் அவசரமும் சேர்ந்து சிரித்தார்கள்.

"உங்களுக்கே வழி தப்புச்சுன்னா நாங்கல்லாம் எப்பவோ காணாமப் போயிருக்கணும்ணே!" என்றான் அவசரம்.

"நெசமாத்தான் சொல்றேன். அஞ்சு ரோடும் ஒண்ணு மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நாளாவே எனக்கு இப்படித்தான்."

"இத வித்தவன் உங்க மச்சானா? இந்தத் தாங்கு தாங்கறீங்க!" மேனேஜர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். "விடுங்கண்ணே. உங்கள நம்பறதா, இந்தக் குப்பைய நம்பறதா? இன்னிக்கே திருப்பி அனுப்பறேன். அப்புறம் இன்னொண்ணு, இனிமே குழந்தைங்க கிளினிக் ரூட்டு முழுசும் நீங்களே பாத்துக்கங்க. உங்களைத் தவிர யாரையும் நம்ப முடியல."

மேப்பு இன்னொரு தடவை வாயைத் திறந்தார். அதற்குள் மேனேஜருக்குப் போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே அவர் கருவியை அதன் அட்டைப் பெட்டிக்குள் தள்ளி மூடி, டேப் ஒட்டினார். அவள் தட்டித் தட்டி ஏற்றிய வீட்டு முகவரியும் அதோடு உள்ளே போனது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ரப்பர் கிண்ணம் ஒட்டியிருந்த இடத்தில் கண்ணாடியில் ஒரு வட்டத் தடம் இருந்தது. பின்னால் ஐஸ் பெட்டியை ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். மனைவி போனில் கூப்பிட்டாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

அவள் பெருமூச்சு விடுவது கேட்டது. "என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

அவள், "வேண்டாங்க. சாவிய அவங்க மேசை மேல வச்சிட்டு இறங்கி வந்துடுங்க. இப்பவே. நேரா வீட்டுக்கு வந்துடுங்க" என்றாள்.

வாட்ச்மேன் கேட்டைத் திறந்து, ஒரு கையால் சாலையில் வந்த வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தான். மேப்பு இடப்பக்கம் பார்த்தார். கடைகள், வெயில், ஒரு சிக்னல். வலப்பக்கம் பார்த்தார். கடைகள், வெயில், ஒரு சிக்னல்.

"வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேட்டார்.

பின்னால் தன் வண்டியிலிருந்து அவசரம் ஹாரன் அடித்தான்.