கறிவேப்பிலைத் தொட்டியின் மண்

1

ஒட்டுக்கேட்டதிலிருந்து பிறந்த கதை இது. சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஒரு விலங்கு மருத்துவரிடம் நண்பனின் பூனையோடு காத்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல்: “மண்ணுல எவ்வளவு நாள் டாக்டர் உயிரோட இருக்கும்?” கதவு சாத்திக்கொண்டது. அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. வீடு திரும்பும் ரயிலில் அவளுக்கு வைஷாலி என்று பெயர் வைத்தேன்.

முதல் தொடக்கம்: மழை நின்றதும் நகரம் ஒரு நனைந்த நாயைப் போல

(வேண்டாம். நான் விழுந்து விழுந்து படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் நாய்கள் பனியில் நடந்துபோய் எதற்காவது குறியீடாகிவிடும். வைஷாலியின் நாய்க்கு வயிற்றில் புழு. அவ்வளவுதான்.)

2

வைஷாலியின் நாய்க்குட்டிக்குப் பெயர் கோப்பி. மழை நாளில் அதைக் கீழே கூட்டிப்போகச் சோம்பல்பட்டு, வாசலுக்கு வெளியே நடைவழியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியிலேயே காரியத்தை முடிக்க விடுவாள். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளினால் போதும், உரந்தானே. செடியும் தளதளவென்று வளர்ந்தது. அந்த மாடியில் யார் தாளித்தாலும் அதில் ஒரு கொத்து ஒடிப்பார்கள். கேட்டுவிட்டு ஒடிக்கும் வழக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக் கிம்பர்லியின் இரண்டு வயது மகளும் வருவாள். அவளுக்கு இலை வேண்டாம். ஐஸ்கிரீம் கரண்டியால் மண்ணைத் தோண்டுவாள். சிலசமயம் ருசியும் பார்ப்பாள்.

“அன்னன்னிக்கு அள்ளிப் போட்டுட்டா பயமில்லம்மா,” என்றார் டாக்டர் ருக்கையா. “மண்ணுல ரெண்டு மூனு வாரம் கெடந்தாத்தான் அந்தப் புழு முட்டை ஆபத்து. அப்புறம் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல சாகாது.”

“அப்ப இலை?”

“கழுவித்தானே எண்ணெயில போடுறீங்க? மண்ணுதான் விஷயம். யாராச்சும் கை வைக்கிறாங்களா?”

“யாரும் இல்ல,” என்றாள் வைஷாலி.

(இந்த இடத்தில் அவளை எனக்குப் பிடிக்காமல் போனது. நல்லவளாக்கித் திருத்திப் பார்த்தேன். நல்லவளுக்கு இந்தக் கதையில் வேலையே இல்லை.)

3

ஏன் மறைத்தாள்? போன வாரம்தான் கிம்பர்லி எச்சரித்திருந்தாள்.

“இன்னொரு தடவ பாப்பா தூங்குறப்ப கொரைக்கட்டும், நேரா கம்ப்ளைன்ட்தான் லா. உன் நாய் இங்க இருக்காது.”

“அதுவும் குட்டிதானேக்கா. பாப்பா மாதிரி.”

“ஓ, அடுத்த வருஷம் பாலர்பள்ளிக்கு அனுப்புறியா?”

முடிவு ஒன்று: கோப்பிக்குப் புழு மாத்திரை. தொட்டி மண்ணைச் செடியோடு கையுறை போட்டு அள்ளி, இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறாள். இனி மழையோ வெயிலோ கீழேதான். உடனே அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். யாருக்கும் எதுவும் தெரியாது. நிம்மதி.

(சுத்தமான முடிவு. ஆனால் என்னை உட்காரவிடவில்லை. தொட்டியைக் காலிசெய்துவிடலாம், பாப்பாவின் வயிற்றை? டாக்டர் இன்னொன்றும் சொன்னார், நான்தான் எழுதாமல் விட்டேன்: “பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. எப்பவாவது ஒரு கொழந்தைக்குக் கண்ணு வரைக்கும் புழு போயிடும்.”)

முடிவு இரண்டு: கோப்பியைக் கிராஞ்சியில் ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டு

(நாயை அனுப்பிவிட்டால் பாப்பா விழுங்கிய மண் என்ன ஆகும்?)

4

முடிவு ஒன்றில் உள்ளதையெல்லாம் செய்துவிட்டு, வைஷாலி பக்கத்து வீட்டு மணியை அடிக்கிறாள். இரும்புக் கேட்டுக்குப் பின்னால் கிம்பர்லி, இடுப்பில் பாப்பா.

“என்ன லா, செடியையே காணோம்? மீன்கறிக்கு நான் எங்க போவேன்?”

“அக்கா, பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டணும்.”

“என் பாப்பாவையா? எதுக்கு?”

வைஷாலி சொல்கிறாள். நாய், மண், புழு, டாக்டரிடம் சொன்ன பொய். எதையும் விடவில்லை. அவள் வீட்டுக்குள் கோப்பி குரைக்கிறது.

கிம்பர்லியின் பதிலையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுகிறாள். ஒன்றில் புகார் கொடுக்கக் கைப்பேசியை எடுக்கிறாள். ஒன்றில், நம்பமாட்டீர்கள், நன்றி சொல்கிறாள். எல்லாவற்றிலும் நான் வைஷாலியின் பக்கம் நின்றே எழுதியிருக்கிறேன். என் இடுப்பில் குழந்தை இல்லை.

அதனால் நீங்கள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். பாப்பாவை வாங்கிக்கொள்ளுங்கள், வயதுக்குக் கொஞ்சம் கனம், கழுத்தைக் கட்டிக்கொள்வாள். வைஷாலி பேசி முடித்துவிட்டாள். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லுங்கள்.