ஒரு குழாய் ரத்தம்

வாசலில் அதிர்வேட்டு வெடித்தது. இளவரசியின் கையிலிருந்த சொம்பு நழுவி, அப்பாவின் காலடியில் விழுந்து உருண்டது. குனிந்து எடுத்தாள். ஆஸ்பத்திரித் தரையில் படுத்துப் படுத்து விறைத்த முதுகு, நிமிர மறுத்தது.

"ஜல்தியா ஊத்தும்மா. தூக்கற நேரமாவுது" என்றார் சித்தப்பா கோதண்டபாணி. பெஞ்சில் கிடத்தியிருந்த உடலுக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தவர், அண்ணனின் இடது கையைத் தூக்கியதும் நிறுத்தினார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி.

"இன்னாது இது? ஊசி போட்டதெல்லாம் வலது கையிலதான?"

இளவரசி அப்பாவின் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டரம்மா அப்பாவின் கட்டிலருகே வந்தாள். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எப்படி ஏறுகின்றன, இரும்பு துருப்பிடிப்பதுபோல உள்ளே என்ன சேதமாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். ஒரு குழாய் ரத்தம் போதும், விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்றாள். சித்தப்பா ஒரே பேச்சில் மறுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அவர் போனதும் அப்பா டாக்டரம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "மோட்டாரே துருப்புடிச்சிப் போச்சி, இன்னும் இன்னாத்த பாக்கப் போறீங்க? எடுத்துக்கம்மா."

இளவரசியும் தலையாட்டிவிட்டுப் பால் வாங்கப் போனாள். சாயங்காலம் மறுபடி அடைப்பு வந்தது. அவ்வளவுதான்.

"நான் வேணாம்னு சொன்னனா இல்லியா?" சித்தப்பாவின் குரல் உயர்ந்தது. "கீற ரத்தத்தையும் உறிஞ்சிக்கினுதான் அனுப்பிக்கிறாங்க! யாரு எடுக்கச் சொன்னது? நீயா?"

பந்தலிலிருந்த முகங்கள் திரும்பின. ஆமாம் என்றால், திண்டிவனத்துக்கு வாழப்போன மகள் வந்து அப்பனைக் கொன்றாள் என்று கெடார் ஊர் முழுக்கப் பேசும். அந்த ரத்தம் எடுத்ததால் அப்பா சாகவில்லை என்று அவளுக்கே தைரியமாகச் சொல்ல வரவில்லை.

"அத ஏன் தம்பி அவளக் கேக்கற?"

வாசற்படியில் சாய்ந்திருந்த அம்மா கெங்கம்மாள்தான். அழுது ஓய்ந்த குரல். முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் அதே பஞ்சு, அதே பிளாஸ்திரி.

"இவ பாலு வாங்கப் போனப்ப, கட்டிலாண்ட இருந்த என்னாண்ட, நோவு இல்லாதவங்க ரத்தமும் வேணும்னாங்க. குடுத்தேன். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

சித்தப்பா அண்ணனின் கையை மெல்லக் கீழே வைத்தார். இளவரசி தண்ணீர் மொண்டாள். அம்மா பிளாஸ்திரியை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அவரு ரத்தத்துக்குப் பக்கத்துல என்னுத வெச்சிப் பாப்பாங்களாம், தம்பி."