பொன்விழாவை முந்திக் கொண்டாடியவர்கள்

1
இந்தக் கதை கோபத்தில் பிறந்தது என்று சொல்ல ஆசை. கூலிக்குப் பிறந்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் கார்ஸ்விக் பிரபுப் பட்டத்தின் வரலாற்றை நாற்பது பக்கத்தில் எழுத அமர்த்தினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அங்கே, பிரபுக்களை ஒழி என்று கத்தியவளும் நான்தான். (தொண்டை இன்னும் சரியாகவில்லை.)

தொடக்கம் ஒன்று: ‘1698இல் அரசர் மனமகிழ்ந்து...’ அவர் மகிழ்ந்ததை யார் பார்த்தார்கள்?

தொடக்கம் இரண்டு: ‘முதல் பிரபு ஒரு குதிரைத் திரு—’ அடித்துவிட்டேன். ஆதாரம் இல்லை, ஆசை மட்டும்தான்.

2
எட்டாம் பிரபு போன மாதம் இறந்தார். மூத்த மகன் கிறிஸ்பின், ஆடுகளோடு சேற்றில் கிடப்பவர், ஒன்பதாமவர் ஆகவேண்டும். பட்டம் யாருக்கோ, பண்ணையும் அவருக்கே. இளையவன் லயனலுக்கு அந்தப் பண்ணை கோல்ஃப் மைதானமாகத் தெரிகிறது.

தேவாலயப் பதிவேட்டைத் திறந்தேன். பெற்றோரின் திருமணம்: 1968, ஜூன் 9. கிறிஸ்பின் பிறந்தது அதே வருடம் ஏப்ரலில். பிறகு மணந்தாலும் பயனில்லை. முன்னால் பிறந்தவனுக்குப் பட்டம் கிடையாது. ஊருக்கு 1967 என்று சொல்லி, திருமணப் பொன்விழாவையே ஒரு வருடம் முந்திக் கொண்டாடியிருக்கிறார்கள்.

3
“அறுபத்தேழுன்னே போடுங்களேன், மிஸ் ரிட்லி. ஒரு எண்தானே?” என்றார் கிறிஸ்பினின் தாய், விதவைச் சீமாட்டி வினிஃப்ரெட்.

“லயனல் படிக்கப்போற ஒரே புத்தகம் இது, மை லேடி. அதுலயும் பொய்யா?”

“உங்க தெருவுல இதெல்லாம் பாக்க மாட்டாங்களோ?”

“எங்கப்பா அம்மா கல்யாணத்துல பூக்கூடை தூக்கினதே நான்தான். அஞ்சு வயசு. பாதி கேக்கு நானே தின்னேன்.”

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

“கிறிஸ்பினை நர்ஸ்கிட்ட விட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மோதிரம் போடறப்போ பால் கட்டி நெஞ்செல்லாம் வலி. எல்லாரும் ஆனந்தக் கண்ணீர்னாங்க.”

(இதை நான் புனைந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு அவ்வளவு கைவராது.)

4
முடிவு அ: உண்மை வெல்கிறது. லயனல் கோல்ஃப் ஆடுகிறான்.
முடிவு ஆ: பொய் எழுதி ஒரு பிரபுவை உண்டாக்குகிறேன். ஒழி என்று கத்திய அதே வாய்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். “அந்த மனுஷனைக் கேட்டியாடி?” என்றாள். பட்டம் வாங்கிய புத்திக்கு அது தோன்றவில்லை.

பதிவேட்டு நகலோடு பட்டிக்குப் போனேன். கிறிஸ்பினின் கை முழங்கை வரை ஆட்டுக்குள் இருந்தது. வயிற்றில் குட்டி திரும்பிக் கிடந்தது.

“என்ன காகிதம், மிஸ் ரிட்லி? என் கை இருக்கிற லட்சணத்துல தொட முடியாது. நீங்களே சத்தமா படிங்க.”

வாயைத் திறந்தேன். கூட்டங்களில் கத்திய வாய். ஒரு தேதி வெளியே வர மாட்டேன் என்கிறது. ஆடு கத்துகிறது. அவர் காத்திருக்கிறார்.

வாசகரே, தாளை உங்கள் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன். உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே.