எண்ணெய் ஊறிய தோட்டாக் கூடு

கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மரமொன்றும் நில்லாத மேற்கு டெக்சாசின் செம்மண் வெளியில், உச்சியை நெருங்கிய கதிரவன் தகர வேலிகளைக் காய்ச்ச, வடக்கிருந்து கிளம்பிய காற்று உழுத வயல்களின் புழுதியை வாரிவந்து மாவட்டக் காவலரின் சுடுகளத்தில் கொட்டிக்கொண்டிருந்த வேளையில், ஒன்பதாண்டுப் பணி பறிபோகும் விளிம்பில் டார்லா நின்றாள். முந்தின நாள் வழங்கிய, துப்பாக்கிப் பிடிக்குள் செருகும் புதுத் தோட்டாக் கூடுகள் மும்முறை சிக்கிக்கொண்டதால், காலைச் சுடுதேர்வில் அவள் தோற்றிருந்தாள். நண்பகலில் மறுபடி தோற்றால், பணிச்சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீடு போகவேண்டியதுதான்.

"மணிக்கட்டு தளருது, அதான் தோட்டா சிக்குது, கண்ணு. பொம்பளைங்க கைக்கு இந்தத் துப்பாக்கி கொஞ்சம் கனம்" என்றான் படைக்கலப் பொறுப்பாளன் வெண்டல், மெல்லும் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி.

"ஒம்பது வருசமா தளராத மணிக்கட்டு இன்னிக்கு மட்டும் எப்படி சார் தளரும்?"

மறுமொழிக்குக் காத்திராமல், கூட்டின் அடித்தகட்டை நெம்பி, உள்ளிருக்கும் சுருள்வில் துள்ளிப் பறக்காவண்ணம் கட்டைவிரலால் அடக்கி, மெல்ல உருவினாள். வில்லிலும் தோட்டாக்களை மேலேற்றும் தட்டிலும் எண்ணெய் சொட்டியது. அதிலே காலைப் புழுதி குழைந்து செந்நிறக் களிம்பாய் அப்பியிருந்தது. துருப்பிடிக்காதிருக்க ஆலையில் பூசி அனுப்பும் காப்பெண்ணெயையே துடைத்தெடுத்து, உலர்வாய் வைத்துக்கொள்ள வேண்டிய இம்மண்ணில், அதன்மேலும் எண்ணெய் ஊற்றியவன் எவன் என்று எண்ணும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"இதுக்குள்ள யாரு எண்ணெய் ஊத்தினது?"

"நான்தான். முப்பத்தாறு கூட்டுக்கும் என் கையாலயே ஊத்தினேன். புதுசாச்சே, வழவழன்னு ஓடட்டும்னு."

அவற்றுள் மூன்று அவளுடையவை. எஞ்சியவை பதினொரு காவலரின் இடுப்பில், இந்நேரம் புழுதிச் சாலைகளில் போய்க்கொண்டிருந்தன. அவர்களுள் ஒருவன் உயிர்காக்கத் துப்பாக்கியை உருவ நேர்ந்தால் என்னாகும் என்று நினைத்து, சுட்டுக் காட்டினாலன்றித் தன் சொல்லை எவரும் ஏற்கமாட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, தன் கூடுகள் மூன்றையும் பிரித்துத் தூரிகையிட்டுத் தேய்த்து, துணியில் ஒரு துளி ஈரமும் ஒட்டாதபடி துடைத்து, மீண்டும் பூட்டினாள்.

நண்பகலில் ஐம்பது தோட்டாக்களும் தங்குதடையின்றிப் பாய்ந்தன. நாற்பத்தெட்டு இலக்கைத் துளைத்தன.

வெண்டல் பதிவேட்டை நீட்டினான். 'மணிக்கட்டுத் தளர்வு நீங்கியது, தேர்ச்சி' என்றிருந்தது.

"கையெழுத்தைப் போடு கண்ணு. பொழைச்சே."

"போட மாட்டேன். மணிக்கட்டுன்னு இருக்கிறதை அடிச்சிட்டு எண்ணெய்னு எழுதுங்க. அந்தப் பதினோரு பேரையும் திருப்பிக் கூப்பிடுங்க."

"கையெழுத்து இல்லேன்னா தேர்ச்சி இல்ல. வேலையும் இல்ல. தெரியுமில்ல?"

"தெரியும்."

சின்னத்தைக் கழற்றி ஏட்டின்மேல் வைத்தாள். பின், மேசையிலிருந்த வானொலிக் கருவியை எடுத்துப் பதினொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாள்: "வண்டிய ஓரங்கட்டுங்க. புதுக் கூட்டக் கழட்டி, உள்ள இருக்கிற எண்ணெயச் சுத்தமாத் தொடைங்க. அப்புறம் போங்க."

ஒவ்வொரு குரலாய்ச் சரியென்று வந்தது. பதினோராவது குரலும் அடங்கிய பின்னர், ஏட்டின்மேலும் சின்னத்தின்மேலும் செம்புழுதி படிந்துகொண்டிருக்க, எண்ணெய் என்னும் ஒரு சொல்லை எழுத மாட்டாமல் எழுதுகோலைப் பிடித்திருந்த வெண்டலின் மணிக்கட்டுத்தான் அப்போது தளர்ந்திருந்தது.