வக்கீலுக்கு விழுந்த மாலை

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முருகானந்தத்துக்கு வக்கீல் வேதாசலம் என்றால் உயிர். வெள்ளைக்காரர் காலத்தில், பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மிளகு சுமந்து இறங்கிய மலைக்காரர்களிடம் தலைச்சுமைக்கு வரி பிடுங்கிய குத்தகைதாரரை எதிர்த்து, கூலி வாங்காமல் வழக்காடி அந்த வரியை நிறுத்தியவர் அவர். மலைமேல் சோளக்காட்டில் புதிதாகக் கட்டிய படிப்பகத்துக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமென்று 2002ஆம் ஆண்டு முழுவதும் முருகானந்தம் நடையாய் நடந்தார்.

"அவரு யாருன்னே சனத்துக்குத் தெரியாதுங்களே. பேரு வெக்கச் சொல்லிச் சனம் கேக்கட்டும், வெக்கறேன்," என்றார் ஊராட்சித் தலைவர் சின்னராசு.

முருகானந்தம் கூட்டம் போட்டார். வந்தவை இரண்டு ஆடுகள். அவையும் பாதியில் எழுந்து போயின.

படமாவது மாட்டலாம் என்று நாமக்கல்லுக்குப் போனார். வக்கீலின் புகைப்படம் எங்கும் கிடைக்கவில்லை. கறுப்பு அங்கியின் மடிப்பைப் பார்த்து வரைய ஒருவர் உட்கார வேண்டும் என்றார் ஓவியர். மடிப்புக்கு முகம் தேவையில்லை என்பது முருகானந்தத்துக்குத் தெரியும். ஆனாலும் மீசையைச் சீவிக்கொண்டுதான் உட்கார்ந்தார். முடிந்த படத்தில் அச்சு அசலாக அவரே இருந்தார். கோயில் கோபுரத்தில் குந்திய காக்கை, கீழே கும்பிடுகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டி ஆசி வழங்கிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரித்த அதே மனிதர், அந்தப் படத்தைப் படிப்பகச் சுவரில் மாட்டி, சந்தன மாலை சூட்டி, ஊதுவத்தி கொளுத்திவிட்டு, அதே மலையில் திருப்புலி நாடு என்ற ஊரிலிருந்த தம் வீட்டுக்குப் பேருந்தேறினார். அனுமதி இல்லாததால் படத்தின் கீழே பெயர் எழுதவில்லை.

மறுநாள் காலை அவர் வெந்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோது வாசலில் ஓலம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஊரே திரண்டிருந்தது. முன்னால் மாரடித்தபடி கிழவி பெருமாயி. அந்தப் பக்கத்தில் ஒப்பாரிக்கு அவளை விட்டால் ஆளில்லை. பின்னால் கையில் மாலையோடு சின்னராசு.

பெருமாயியின் அழுகை பாதியில் நின்றது. "ஏஞ்சாமி, உசுரோடவா இருக்கற? சோளக்காட்டுல உம்படத்துக்கு மாலை தொங்குதே!"

"அது நானில்லீங்க. வக்கீலு."

"மொகம் உன்னுதுதான?"

"மொகம் என்னுது. ஆளு வேற."

"மீசைய நீவி நீவிச் சீவிக்கிட்டுப் போனப்பவே நெனச்சேனுங்க," என்று உள்ளிருந்து அவர் மனைவி கோகிலா போட்டுக்கொடுத்தாள். கூட்டம் சிரித்தது.

செத்தது தாம் இல்லையென்று நிறுவுவதற்கு, செத்தவர் யாரென்று சொல்லியாக வேண்டியதாயிற்று. சந்தை வரியில் தொடங்கி, மலைக்கு நடந்தே ஏறிவந்து வக்கீல் சாட்சி திரட்டியதுவரை சொன்னார். சாவுக்கு வந்தவர்கள் சட்டென்று கிளம்பக் கூடாதென்பதால் ஒருவரும் எழவில்லை.

"எங்கம்மாவப் பெத்த அப்புச்சியும் அந்தச் சந்தைக்குத்தான் மொளகு சொமந்தாரு," என்றாள் பெருமாயி. "அந்த மகராசனுக்கு இங்க யாராச்சும் அழுதாங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் வந்த அழுகை எதுக்கு வீணாப் போவணும்?" அவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலைச்சுமை வரி தீர்த்தவரே, எங்களுக்குச் சொல்லாமல் போனவரே என்று அவள் ராகமெடுக்க, மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டனர். முடிந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "பேர எழுது சின்னராசு," என்றாள்.

"எழுதிடலாம் ஆயா. இந்த மாலையும் அவருக்கே. ஆனா வாத்தியாரே, மொகத்த மட்டும் மாத்தச் சொல்லிடுங்க. மாலை போட்ட படத்தையும் பாத்து உங்களையும் பாத்தா, பஸ்ஸுக்கு நிக்கறவங்க தெனமும் பயந்துக்குவாங்க."

முருகானந்தம் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஆசை அடங்கவில்லை. கூட்டம் கலைந்தபோது மெல்லப் பெருமாயியின் பக்கம் போய், "எனக்கு என்னன்னு பாட இருந்தீங்க?" என்று கேட்டார்.

"உனக்கா? உம்பெரம்பப் பத்தி ரெண்டு வரி யோசிச்சு வெச்சிருந்தேன் கண்ணு. மிச்சத்துக்கு நீ இன்னும் ஏதாச்சும் பண்ணுனாத்தான் ஆவும்."