சிட்டம்மாள் சொன்னது சொன்னபடி

உத்திரமேரூர்ப் பள்ளிக்கூடத்தில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஆசிரியர் கூட்டம் நடக்கும். சுற்றுவட்டாரத்து வாத்தியார்களெல்லாம் வந்து, மேலிடத்து உத்தரவுகளைக் கேட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார்கள். ஏழெட்டுப் பேர் மட்டும் தங்குவார்கள். கட்டிக்கொண்டு வந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்து எழுதுவார்கள். தலைமையாசிரியர் வேதாசலம் தொடங்கிவைத்த எழுத்துக் கூட்டம் அது. பாடம் சொல்லிக்கொடுக்கிறவனுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வரவேண்டும் என்பது அவர் கட்சி. எழுதியதில் தேறுவதைத் திருத்தி, முத்து முத்தான தன் கையெழுத்தில் ஒரு பத்திரிகையாகப் படியெடுப்பார். ஒரே பிரதிதான். அது ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குச் சுற்றுக்குப் போகும்.

மாகறலில் டீச்சராக இருந்த ஞானசுந்தரி அந்தக் கூட்டத்துக்கு ஒரு வருஷமாக வந்துகொண்டிருந்தாள். சுத்தத்தைப் பற்றி எழுதுவாள், சிக்கனத்தைப் பற்றி எழுதுவாள். யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும் விஷயங்கள். 'என் வாழ்வில் ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுத்த மாதத்தில்தான் அவளுக்குக் கை ஓடாமல் நின்றது. வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, பிறகு கடகடவென்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அவள் எழுதியது இதுதான். எட்டாவது பாஸாகி, காஞ்சிபுரத்தில் டிரெய்னிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்த சமயம். ஊரில் நடவு. அப்பா அருள்தாஸ் இறந்த பிறகு அம்மா சிட்டம்மாள் ஒருத்தி கூலியில்தான் வீடு நடந்தது. பெண்ணையும் நடவுக்கு அனுப்பு என்று நிலக்காரர் ஆள் மேல் ஆள் விட்டார். சிட்டம்மாள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நேரே நிலக்காரர் நின்ற வரப்புக்குப் போனாள். செருப்பில்லாத கால்களைச் சேற்றில் ஊன்றி நின்று சொன்னாள்: "ஆண்டே, உங்க கயனிக்கு என் கையி போதும். இது கையி எயுதட்டும்." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் திரும்பி நடந்தாள். அவ்வளவுதான் கட்டுரை.

அடுத்த மாதம் வேதாசலம் படியெடுத்த பக்கங்களைச் சந்தோஷமாக அவளிடம் நீட்டினார். இந்த இதழில் இதுதான் முதல் கட்டுரை என்றார். ஞானசுந்தரி படித்துக்கொண்டே வந்தாள். அவளுடைய எழுத்துப் பிழைகளெல்லாம் போய், வாக்கியங்கள் சீராக நின்றன. வரப்புக்கு வந்தாள். அங்கே அவள் அம்மா, "ஐயா, தங்கள் வயலுக்கு எனது கரங்களே போதுமானவை. இவளது கரங்கள் எழுதுகோல் பிடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் அம்மா இப்படிப் பேசியதே இல்லை என்று ஞானசுந்தரி மெதுவாகச் சொன்னாள். வேதாசலம் பொறுமையாக விளக்கினார். பத்திரிகை பிள்ளைகள் கைக்குப் போகிறது, கொச்சையைப் படித்தால் அதையே எழுதுவார்கள். தவிர, கூலியாட்கள் நிலக்காரரைக் கூப்பிடும் 'ஆண்டே' என்ற சொல்லை அவர் வேண்டுமென்றேதான் எடுத்திருந்தார். நாலு பேர் படிக்கிற இடத்தில் டீச்சரின் தாயாரைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்ற எண்ணம். அவர் மனதில் கள்ளம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபப்படவும் முடியவில்லை.

"அப்படீன்னா என் கட்டுரை வேண்டாங்க சார்" என்றாள்.

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. இஷ்டம் என்று சொல்லி, படியெடுத்ததோடு அவள் எழுதியதையும் அவளிடமே கொடுத்துவிட்டார். பக்கத்திலிருந்த சுலோச்சனா டீச்சர் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஞானசுந்தரி பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் அவள் கூட்டத்துக்குத் தங்கவில்லை. அதற்கடுத்த மாதத்துக் கூட்டச் சனிக்கிழமை, இன்றைக்கும் சீக்கிரம் வந்துவிடுவாயா என்று சிட்டம்மாள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஞானசுந்தரி இரண்டையும் படித்துக் காட்டினாள். அம்மா பொருமுவாள் என்று எதிர்பார்த்தாள். சிட்டம்மாளோ வேதாசலம் எழுதியதைக் கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.

"நல்லாத்தான் கீது. நான் அப்டி பேசியிருந்தா அந்தாளு அங்கியே வியுந்திருப்பான்" என்றாள். பிறகு சிரிப்பு அடங்கிக் கேட்டாள்: "ஆனா ஆண்டேன்றத எதுக்கு எடுத்தாரு? அத சொல்லும்போது என் காலு நடுங்கிக்கினு இருந்துச்சு கண்ணு. ஐயான்னு கூப்புட்ற ஆளுகிட்ட எனக்கு இன்னா பயம்? பயந்துக்கினேதான சொன்னேன். அது இருக்கட்டும்."

அந்தப் பதிலை ஞானசுந்தரி எதிர்பார்க்கவில்லை. தன் அம்மாவின் பேச்சு மாறிவிட்டதே என்றுதான் அவள் வருந்தினாள். அந்தப் பேச்சுக்குள் இருந்த நடுக்கம் போனதை அம்மாதான் கண்டாள். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஞானசுந்தரி அப்போதே உட்கார்ந்து எழுதினாள். தன் வாக்கியங்களில் வேதாசலம் செய்த திருத்தங்கள் நன்றாகவே இருந்தன. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டாள். அம்மாவின் பேச்சை மட்டும் அம்மாவுக்கே திருப்பிக் கொடுத்தாள். கால் நடுங்கியதையும் சேர்த்தாள்.

மதியம் எழுத்துக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்று அதைப் படித்தாள். 'ஆண்டே' வந்த இடத்தையும் விழுங்காமல் படித்தாள். கடைசிவரை படித்து முடித்தாள். எல்லாரும் வேதாசலத்தைப் பார்த்தார்கள். திருப்புலிவனத்தில் அவர் குடும்பத்துக்கு நிலம் உண்டென்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

வேதாசலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க களத்துல தினம் காதுல விழுற வார்த்தைதான் டீச்சர்" என்றார். "எழுதிப் பார்த்ததில்லே."

அவர் ஒத்துக்கொண்டார் என்று சொல்லிவிட முடியாது. கொச்சை கொச்சைதான் என்று அன்றைக்கும் வாதாடினார். ஆனால் தாள்களைக் கேட்டு வாங்கி, எல்லார் எதிரிலும் படியெடுக்க உட்கார்ந்தார். 'எயுதட்டும்' என்ற இடத்தில் பேனா நின்றது. யகரம்தான் போடவேண்டுமா என்று அவளைக் கேட்டார். ஆமாம் என்றாள். இலக்கணம் கற்ற அந்தக் கைக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவர் கஞ்சி குடிக்கிற மாதிரி மெல்ல மெல்ல எழுதினார்.

பத்திரிகை சுற்றுக்குப் போனது. இரண்டு பள்ளிக்கூடங்களிலிருந்து கண்டனக் கடிதங்கள் வந்தன. பிள்ளைகளுக்கு இதையா கற்றுக்கொடுப்பது என்று கேட்டிருந்தார்கள். வேதாசலம் அவற்றைக் கூட்டத்தில் படித்தார். தானே எழுதியிருக்கக்கூடிய வாசகங்கள் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு புது ஆள் வந்திருந்தார். ஆற்றுக்கு அக்கரையில் ஓராசிரியர் பள்ளியில் இருந்த கன்னியப்பன். பத்திரிகை அவர் பள்ளிக்குப் போயிருந்தது. எழுத்துக் கூட்டமெல்லாம் எனக்குப் பழக்கமில்லை, வெறுமனே பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்று வாசற்படியிலேயே நின்றார். சுலோச்சனா நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். ஞானசுந்தரி ஒரு தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள்.

"இன்னா எயுதறதுன்னு தெரியலீங்களே" என்றார் கன்னியப்பன். வாத்தியாரின் வாயில் அந்தப் பேச்சு வந்ததும் கூச்சப்பட்டு, உடனே 'எழுதறது' என்று திருத்திக்கொண்டார்.

"மொதல்ல சொன்னபடியே எழுதுங்க சார்" என்றாள் ஞானசுந்தரி.

அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். திருத்த வாயெடுத்த வேதாசலம், சும்மா இருந்துவிட்டார்.