மூணு மூலை நட்சத்திரம்

வெயில் இறங்குவதாகவே தெரியவில்லை. ஏரிக்கரைப் புல்வெளியில் வானியல் கழகத்தார் பாய் விரித்து, சாண்ட்விச்சையும் தர்பூசணியையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லக்காவுக்கு மட்டும் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் சூரியனை முறைத்தாள். போய்த் தொலையேன், உனக்கு வேற வேலையே இல்லையா?

பொய்ப்பல் செட் செய்யும் லேப்பில் அவளுக்கு வேலை. அதனால் கழகத்தில் அவள் பல்லக்கா. நாளெல்லாம் பல்லை மெருகேற்றிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. டெலஸ்கோப் கண்ணாடியை நானே தேய்க்கிறேன் என்று போன வருஷம் கிளம்பிவிட்டாள். வட்டக் கண்ணாடி ஒன்றின் மேல் இன்னொன்றை வைத்து, நடுவே தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டு, கரகரவென்று ஒரு வருஷம் தேய்ப்பு. பின்னறை முழுக்கப் பொடி. அந்த அறையில் கேரம் போர்டு போட வேண்டும் என்று அவள் கணவருக்குக் கொள்ளை ஆசை. பஸ் ஓட்டுகிற மனிதர், ராத்திரி வந்து நாலு ஆட்டம் ஆடலாமென்றால் இந்தக் கரகர.

"ஊரே சனி விட்டாப் போதும்னு கும்பிடுது. நீ என்னடான்னா சனியைப் பாக்க ராப்பகலா தேய்க்கிற" என்பார்.

கடைசியில் இருவரும் பந்தயத்துக்கு வந்தார்கள். இன்று ராத்திரி அவள் கண்ணாடியில் சனியின் வளையம் தெளிவாகத் தெரிந்தால் அறை அவளுக்கு. தெரியாவிட்டால் கண்ணாடி பரண் ஏறும், கேரம் போர்டு உள்ளே வரும். இதைக் கழகம் முழுவதற்கும் தம்பட்டம் அடித்ததும் அவளேதான்.

ஒருவழியாக இருட்டியது. எல்லாரும் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டார்கள். வெள்ளை வெளிச்சம் பட்டால் கண்ணுக்கு இருட்டு பழக மறுபடி அரைமணி ஆகும். கழகத்தில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அந்த நேரம் பார்த்து யாரோ கார் கதவைத் திறக்க, உள்விளக்கு பளீரென்று எரிந்தது.

"லைட்டு!" என்று கூட்டமே அலறியது. திறந்தவர் வேறு யார், அவள் கணவர்தான். போர்வை எடுக்கப் போனாராம்.

பல்லக்கா டெலஸ்கோப்பை ஒரு பிரகாசமான நட்சத்திரத்துக்குத் திருப்பிக் கண்ணை வைத்தாள். புள்ளியாகத் தெரிய வேண்டிய நட்சத்திரம் முக்கோணமாகப் பிதுங்கி நின்றது.

கழகத் தலைவர் குனிந்து பார்த்தார். "தேய்ச்சதுல எங்கயோ தப்பு நடந்திருக்கும்மா. முதல் கண்ணாடி எல்லாருக்கும் இப்படித்தான். மனச விட்டுடாத."

கணவரும் பார்த்தார். "என்ன இது, நட்சத்திரத்துக்கு மூணு மூலை இருக்கு?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மூணு என்ற சொல் காதிலேயே நின்றது. வீட்டில் தூரத்துத் தெருவிளக்கை வைத்துச் சோதித்தபோது புள்ளி உருண்டையாகத்தானே இருந்தது? குழாயின் அடியில் கண்ணாடியைப் பிடித்திருப்பது மூன்றே மூன்று பிடிகள்.

"இதை யாராவது தொட்டீங்களா?"

கணவர் தொண்டையைச் செருமினார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அறை அவருடையது.

"நான்தான்" என்றார். "காலைல பாத்தேன், கண்ணாடி லேசா ஆடிச்சு. மண் ரோட்டுல குலுங்கி உடைஞ்சிட்டா என்ன பண்றதுன்னு அந்தப் பிடியோட மூணு ஸ்க்ரூவையும் நல்லா இறுக்கிட்டேன். ஒரு வருஷம் தேய்ச்சிருக்கியேடி."

"அது ஆடணும்ங்க! ஒரு காகிதம் நுழையற இடம் விடணும். நெருக்கினா கண்ணாடி வளைஞ்சிடும்!" கோபத்தில் கத்தினாள். கத்தும்போதே அந்த மனிதர் மேல் பாசம் பொங்கியது. இரண்டும் ஒன்றாக வந்ததில் பேச்சு குழறியது.

கணவர் சிவப்பு டார்ச்சைப் பிடிக்க, அடிப்பலகையைக் கழற்றி ஸ்க்ரூக்களைத் தளர்த்தினாள். சாண்ட்விச் சுற்றிய காகிதத்தைக் கிழித்துப் பிடிகளுக்கு அடியில் நுழைத்துப் பார்த்து உருவினாள். மறுபடி மாட்டி, நேர்செய்து, மரங்களுக்கு மேலே ஏறியிருந்த சனிக்குத் திருப்பினாள்.

கண்ணை வைத்தாள்.

"இருக்கு! ஐயோ, வளையம் இருக்கு! தனியா நிக்குது, நடுவுல இருட்டுகூடத் தெரியுது!" ஏரி எதிரொலிக்கக் கத்தினாள். தலைவர் அவளை ஒதுக்கிவிட்டுப் பாய்ந்தார். "அடேங்கப்பா! என்னோடதுலகூட இப்படித் தெரியாதும்மா!" என்று அவரும் கூவினார். ஆளாளுக்கு முண்டியடித்துப் பார்த்தார்கள். யாரோ மிச்சத் தர்பூசணியை அவள் வாயில் திணித்தார்கள். இப்போது இறங்கியது.

கடைசியாகக் கணவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பின்னால் வரிசை மறுபடி சேர்ந்து முணுமுணுத்தது.

"என்னங்க, போதும். தோத்துட்டீங்க, ஒத்துக்குங்க."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார்:

"ஏண்டி, இதைவிடப் பெரிய கண்ணாடி தேய்க்கணும்னா அந்த ரூம் பத்துமா?"